கட் சொன்ன பிறகு

“பயப்பட வேண்டிய இடத்துல சிரிக்கிறானுங்க டீச்சர்.”

செருப்பைக் கழற்றும்போதே தணிகாசலம் இதைச் சொல்லிவிட்டார். எடிட்டிங் அறைக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அதற்குப் பிறகு சொல்லும் பொறுமை அவருக்கு இல்லை.

“யாரு?” என்றார் இசக்கி.

“எல்லாரும்.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

தணிகாசலம் மூன்று பேய்ப் படம் எடுத்த டைரக்டர். மூன்றும் ஓடின. முதல் படத்தில் பேய் ஆடியது, இரண்டாவதில் பாடியது, மூன்றாவதில் தேர்தலில் நின்று ஜெயித்தது. நான்காவதை மட்டும் மனசாட்சிக்காக எடுத்தார். மனசாட்சிக்காகப் படம் எடுக்கிறேன் என்று ஒரு டைரக்டர் சொன்னால் தயாரிப்பாளர் கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். இவருடைய தயாரிப்பாளர் ராஜரத்தினமும் திறந்தார். ஆனாலும் மூன்று படம் ஓடிய முகத்துக்காகச் சரி என்றார்.

இசக்கிக்குத் தூத்துக்குடிப் பக்கம். தணிகாசலத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் நாலு பேருக்குப் பாடம் நடத்துவார். அதை வைத்துத் தணிகாசலம் முதலில் கேலியாகத்தான் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். மூன்றாவது படம் முட்டுச்சந்தில் நின்றபோது இசக்கி அதிலிருந்து பதினோரு நிமிஷத்தைத் தூக்கி எறிந்தார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கேலி அன்றோடு போனது, பெயர் நின்றுவிட்டது.

அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்று அந்தத் தெருவில் பேச்சு.

“கதையைச் சொல்லுங்க” என்றார் இசக்கி.

“உங்களுக்குத் தெரியுமே டீச்சர்.”

“தெரியாதவளுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க.”

தணிகாசலம் சொன்னார். ஊருக்கு நடுவில் ஒரு பெரிய வீடு. செத்துப்போன பண்ணையார் அதில் பேயாகக் குடியிருக்கிறார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அங்கே வாடகைக்கு வருகிறது. பேய்க்குப் பையன் மேல் ஏறிக்கொள்ள ஆசை. ஆனால் விசாரிக்காமல் அது யார் உடம்பிலும் ஏறாது. தம்பி நீங்க எந்தப் பக்கம், அப்பா பேர் என்ன, குலதெய்வம் எது என்று சுவருக்குள்ளிருந்து கேட்கும். வீடு போய்விடுமே என்று பையன் பொய் சொல்கிறான். பேய் நம்பி உள்ளே போகிறது. போன பிறகுதான் அவன் காலனிக்காரன் என்று தெரிகிறது. அலறிக்கொண்டு வெளியே குதித்து, கொல்லைக் கிணற்றில் மூன்று முழுக்குப் போடுகிறது.

“அங்கதான் சிரிக்காங்களா?”

“விசிலடிக்கிறாங்க.”

“நீங்க என்ன நினைச்சிய?”

“சிரிப்பாங்க, அப்புறம் அது தொண்டையில மாட்டும்னு நினைச்சேன்.”

“மாட்டலையா?”

“அல்வா மாதிரி இறங்குது டீச்சர்.”

பிரிவியூ தியேட்டரில் வேண்டியவர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று அவர் பக்கத்தில் ராஜரத்தினத்தின் சம்பந்தி உட்கார்ந்திருந்தாராம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். படம் முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

“‘பிரமாதம் சார், நீங்க எந்தப் பக்கம்னு ஒரு பேய் கேக்குது பாருங்க, வயிறு வலிச்சுப்போச்சு’ன்னார். காபி வந்துச்சு. ஒரு வாய் குடிச்சார். ‘ஆமா, சாருக்கு ஆரணின்னாங்களே, ஆரணியில எந்தப் பக்கம்?’ன்னார்.”

இசக்கி அப்போதுதான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினார்.

“நீங்க என்ன சொன்னிய?”

“என்ன சொல்றது, எங்க தெருவைச் சொன்னேன்.”

“அவரு?”

“சந்தோஷப்பட்டார்.”

தணிகாசலம் ஊர்த்தெருக்காரர். அதை அவர் மறைத்ததில்லை. மறைக்க வேண்டிய அவசியம் வந்ததும் இல்லை.

“ஒரு வாரம் குடுத்திருக்காங்க டீச்சர். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி போட்டுக் காட்டணும். அப்பவும் இப்படியே சிரிச்சா, ரெண்டு பாட்டு சேர்த்து காமெடிப் பேயா விட்டுடலாம்கிறார் ராஜரத்தினம். பாட்டுக்கு இடம் வேணுமே. பிளாஷ்பேக்கைத் தூக்கிடுவாங்க.”

“பிளாஷ்பேக்குல என்ன?”

“அந்த வீடு இருக்கிற இடத்துல முன்னாடி ஒரு தெரு இருந்துச்சு. பண்ணையார் கொளுத்திட்டார். இருபத்திரண்டு பேர் செத்தாங்க. அந்தச் சாம்பல் மேலதான் வீடு. அதுக்காகத்தான் டீச்சர் நான் இந்தப் படத்தையே எடுத்தேன்.”



“சரி. பயப்படுத மாதிரி என்ன வச்சிருக்கிய?”

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வியைத்தான் அவர் எதிர்பார்த்து வந்திருந்தார்.

“டம்ளர் தானா நகருதே, அது தீண்டாமை. வாசல்ல விட்ட செருப்பு தானா எழுந்து தெருவைத் தாண்டி ஓடுதே, அந்தத் தெருவுல அவங்க செருப்புப் போட்டு நடக்க முடியாதுன்னு அர்த்தம். சுவத்துக்கு வெள்ளையடிக்க அடிக்க உள்ளேருந்து கருப்பா ஊறி வருதே, அது நிறம். எத்தனை பூசினாலும் மறையாதுன்னு.”

“இதெல்லாம் யாருக்குப் புரியணும்?”

“ஜனங்களுக்கு.”

“புரிஞ்சா பயந்துருவாங்களா?”

இசக்கி ஒரு கடலைமிட்டாயை உடைத்துப் பாதியை அவரிடம் நீட்டினார்.

“செட்டுல யாரும் பயந்தாங்களா சார்?”

“செட்டுலயா? நாங்க ஜாலியா இருந்தோம். நாற்பத்தெட்டு நாள், ஒரு சண்டை சச்சரவு கிடையாது.”

“ஒருத்தருகூடவா பயப்படல?”

“ஒருத்தர்கூட.”

“நாளைக்கு வாங்க. வெட்டின படம் வேண்டாம். வெட்டாததைக் கொண்டு வாங்க. எடுத்தது எல்லாம்.”

“நாற்பது மணி நேரம் ஓடும் டீச்சர். ஒரு வாரந்தான் இருக்கு.”

“அப்ப காலையிலேயே வந்துருங்க.”

*

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். இசக்கி அதைச் செருகிவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

“ஓட்டி ஓட்டிப் பாக்கக்கூடாது. எடுத்த வரிசையில, முதல்லருந்து பாருங்க.”

“நீங்க பாக்கலையா?”

“எனக்கு வேற வேலை கெடக்கு.”

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குத் திரும்பிவிட்டார்.

முதல் நாள் முழுக்கத் தணிகாசலம் தன் குரலைக் கேட்டார். ஆக்‌ஷன் என்றார், கட் என்றார், ஒன்ஸ்மோர் என்றார். கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“என்ன பாத்திய?” என்றார் இசக்கி, சாயங்காலம்.

“லைட்டிங் பிரமாதம்.”

“நாளைக்கு வாங்க.”

இரண்டாம் நாள் ஹீரோ ரிஷிவரன் வந்தான். ரிஷிவரன் எலுமிச்சை நிறம். காலனிப் பையனாக நடிக்க அவனுக்கு மேக்கப்மேன் தினமும் இரண்டு மணி நேரம் கருப்புப் பூசினார். கேமரா ஓடத் தொடங்கிய பிறகும் கழுத்தில் பூச்சு நடந்துகொண்டிருந்தது.

“அண்ணே, ஒரு ஷேடு குறைச்சுக்கலாமா? அம்மா பாத்தா அழுவாங்க” என்றான் ரிஷிவரன்.

செட்டே சிரித்தது. அதில் உரக்கக் கேட்ட சிரிப்பு தணிகாசலத்தினுடையது.

மத்தியானத்துக்கு மேல் காலனிப் பெண்கள் வந்தார்கள். பிளாஷ்பேக்கில் செத்துக் கிடப்பதற்காக, படப்பிடிப்பு நடந்த ஊரின் காலனியிலிருந்தே கூட்டி வந்தவர்கள். சினிமாவில் நடிக்கிறோம் என்று பவுடர் போட்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

“யாருய்யா இவங்களுக்குப் பவுடர் போட்டது?” திரையில் தெரியாத தணிகாசலம் மைக்கில் கத்தினார். “மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லு. இப்படியே நல்லாத்தானே இருக்காங்க, மேக்கப்பே வேணாம்.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் சற்று நெளிந்தார்.

“என்ன பாத்திய?”

“ஒண்ணு ரெண்டு இடம் கஷ்டமா இருந்துச்சு டீச்சர். பவுடர் விஷயம். ஆனா அது கதைக்காகச் சொன்னது.”

“சரி” என்றார் இசக்கி.

அந்த ‘சரி’ வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரை உறுத்தியது. திட்டியிருந்தால் தேவலை.

*

மூன்றாம் நாள் எல்லோரும் செத்தார்கள்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது சாகிற மாதிரி நடித்தால், கட் சொன்னதும் கேமராவை நிறுத்தமாட்டார்கள். செத்தவர் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சாவு நடிப்போடு போகட்டும், நடித்தவர் உயிருக்கு ஒன்றும் வரக்கூடாது என்பதற்காக. கடவுளே இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற நடிகர்கூட இந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் எழுந்ததில்லை.

ரிஷிவரன் கிணற்றடியில் விழுந்து செத்தான். கட்.

“சார், சிரிங்க! கேமராவைப் பாத்து! சிரிங்க சார்!” பத்துக் குரல்கள். ஒன்று தணிகாசலத்தினுடையது.

ரிஷிவரன் ரத்தம் வழியச் சிரித்தான். கற்பூரம் சுற்றினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள்.

கதாநாயகி செத்தார். சிரித்தார்.

பண்ணையாராக நடித்தவருக்குச் சாகிற காட்சி கிடையாது. மாலை போட்ட போட்டோ மட்டும்தான். அதற்கும் அவரை கேரவனிலிருந்து கூட்டி வந்து, போட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்க வைத்தார்கள். வயதானவர், ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடக்கூடாது.

பண்ணையார் வீட்டு நாயும் செத்தது. பழக்கிய நாய், சொன்னபடி கிடந்தது. கட்.

“டேய் டைகர், சிரிடா!” யாரோ கத்தினார்கள். நாயை வைத்திருந்தவர் அதன் தாடையைப் பிடித்து கேமராப் பக்கம் தூக்கினார். வாய்க்கு நேரே பிஸ்கட்டைக் காட்டினார். நாய் வாயைத் திறந்தது. பார்க்கச் சிரித்த மாதிரியேதான் இருந்தது.

தணிகாசலம் அறை அதிரச் சிரித்தார். இசக்கி திரும்பவில்லை.

அடுத்தது பிளாஷ்பேக். கரிந்த குடிசைகள். சாம்பல். இருபத்திரண்டு பேர் கிடக்கிறார்கள். கேமரா கிரேனில் மெல்லப் பின்வாங்குகிறது. ஒரே ஷாட். தணிகாசலத்துக்கு இதில் பெருமை உண்டு.

“கட்! லஞ்ச் பிரேக்!”

முடிந்தது. அடுத்த ஷாட் வேறு இடம், வேறு வெயில்.

இசக்கி எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் அந்த ஷாட்டை முதலிலிருந்து ஓடவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

தணிகாசலம் பார்த்தார்.

“கிரேன் லேசா ஆடுதோ?”

இசக்கி மறுபடி எழுந்து வந்தார். மறுபடி ஓடவிட்டார்.

“அந்தக் காக்கா சத்தம் இடிக்குதா?”

மூன்றாம் தடவையும் வந்து ஓடவிட்டார். இம்முறை இடத்துக்குப் போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

சாம்பல். இருபத்திரண்டு பேர். கட், லஞ்ச் பிரேக்.

அதற்குப் பிறகு ஒரு வினாடி இருந்தது. இத்தனை நாள் யாரும் பார்க்காத வினாடி. கட் சொன்ன பிறகு வருவதை எவன் பார்க்கிறான்? முன்வரிசையில் கிடந்த ஒரு பெண் தலையை லேசாகத் தூக்கினார். கண்ணைத் திறந்து நேராக கேமராவைப் பார்த்தார். எதற்கோ காத்திருந்தார். அதோடு ஷாட் முடிந்தது.

தணிகாசலத்தின் விரல் தானாகப் போய் அதை நிறுத்தியது.

“இந்தம்மா எதுக்கு…”

கேள்வி பாதியில் நின்றது.

“யாரும் சொல்லலை” என்றார்.

திரையில் நின்ற அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாய்க்குச் சொன்னோம் டீச்சர்.”

அவமானமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், தன் குரலைத் தானே கேட்க முடியாத அவமானம்.

“அந்த அம்மா பேரு என்ன?” என்றார் இசக்கி.

தணிகாசலம் பையிலிருந்து நடிகர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ‘பிணங்கள் – 22’ என்று இருந்தது.

“போயி கேட்டுட்டு வாங்க.”

“கேமராமேனையும் கூட்டிட்டுப் போயி, விட்டுப்போன சிரிப்பை எடுத்துட்டு வந்துடறேன் டீச்சர்.”

“கேட்டுட்டு வாங்கன்னுதான் சொன்னேன்.”

*

சொன்னதைக் கேட்காமல் கேமராமேனைக் கூட்டிக்கொண்டுதான் போனார். டைரக்டர் அல்லவா.

செய்யாறு தாண்டி ஊர். ஊர் தாண்டி ஏரிக்கரை. கரைக்குக் கீழே காலனி. கேமராமேன் காரிலேயே இருந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டி விசாரித்தார். பச்சையம்மா என்றார்கள். தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து வீடு. வேர்க்கடலையை முறத்தில் கொட்டிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார் பச்சையம்மா. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும்.

“வாங்க சார். படம் வந்துடுச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“குந்துங்க.”

தணிகாசலம் சிமெண்ட் படியில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு ஒண்ணு விட்டுப்போச்சும்மா. செத்த மாதிரி நடிச்சா, முடிஞ்சதும் சிரிக்கணும். உங்களுக்குச் சொல்ல மறந்துட்டோம்.”

“மறந்துட்டீங்களா?”

கோபமாகக் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும். பச்சையம்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

“மறக்கலம்மா” என்றார் தணிகாசலம். “தோணவே இல்ல.”

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“அதுக்கு மொத நாளு அந்த ஹீரோ தம்பி செத்துச்சே, நான் கயித்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு பாத்தேன். சிரிங்க சிரிங்கன்னு எல்லாரும் கத்துனீங்க. இன்னாத்துக்குன்னு உங்க ஆளு ஒருத்தரைக் கேட்டேன். உசுருக்குக் காவலுன்னாரு. அதான் அன்னைக்குத் தலையத் தூக்கிப் பாத்தேன். யாருன்னா சொல்லுவீங்கன்னு. நீங்கள்லாம் சாப்பாட்டுக்குப் பூட்டீங்க.”

“அப்புறம்?”

“எந்திரிக்க பயமா இருந்துச்சு சார்.”

தணிகாசலம் அவரைப் பார்த்தார்.

“சிரிக்காத எப்படி எந்திரிக்கறது? புள்ளகுட்டிக்காரங்க. எந்திரிக்காதீங்கன்னு பக்கத்துல சொன்னேன், அவங்க அந்தாண்ட சொன்னாங்க. இருபத்திரண்டு பேரும் அந்தச் சாம்பல்லயே கெடந்தோம், உச்சி வெயில்ல.”

“எவ்ளோ நேரம்?”

“நீங்க மோர் குடிச்சிக்கினு இருந்தீங்க, தெரிஞ்சுது.”

அந்த மோர் தணிகாசலத்துக்கு ஞாபகம் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட மோர். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, அந்த ஷாட் எப்படி வந்திருக்கிறது என்று எல்லோரும் பாராட்டப் பாராட்டக் குடித்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

“அப்புறம் எங்க தங்கச்சி பொண்ணு போன எடுத்துக்கினு வந்துச்சு. ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேரா வெச்சு, சிரி சிரின்னுச்சு. சிரிச்சிட்டுத்தான் எந்திரிச்சோம்.”

உள்ளே போய் போனை எடுத்து வந்து காட்டினார். சாம்பல் அப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருத்தர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒருத்தர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். ஒரு பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது. அந்த நாற்பத்தெட்டு நாளில் தணிகாசலம் இவ்வளவு நல்ல முகங்களை எடுக்கவில்லை.

கடைசி முகம் ஒரு கிழவர். அவர் சிரிக்கவில்லை.

“எங்க பெரிய மாமனாரு. எங்க அப்பன் காலத்துல நெசமாவே கொளுத்துனானுங்க, அன்னைக்கு எவன் சிரிக்கச் சொன்னான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் பூட்டாரு.”

“நல்லா இருக்காரா?”

“அவுருக்கென்ன, இன்னைக்குக்கூட வேலி கட்டப் போயிருக்காரு.”

தணிகாசலம் போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இதை எனக்குக் குடுக்கறீங்களா? படத்தோட கடைசியில வெச்சுக்கறேன். தியேட்டரே அழுதுடும்மா.”

“அது படத்துக்கு எடுத்தது இல்ல சார்.”

பச்சையம்மா கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“நீங்க எடுத்தது உங்களுது. நாங்க எடுத்தது எங்களுது.”

தெருமுனையில் கேமராமேன் காரைவிட்டு இறங்கி, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று தணிகாசலம் கையைக் காட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“பேரைச் சொல்லுங்கம்மா. எல்லார் பேரும்.”

சிலர் வயலில் இருந்தார்கள், சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள். வீடு வீடாகப் போய் எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆனது.

*

“பேரு?” என்றார் இசக்கி.

“பச்சையம்மா.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க. எனக்கில்ல.”

இசக்கி தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து தணிகாசலம் பார்த்ததில்லை.

“உக்காருங்க. நீங்களே செய்யுங்க.”

“எனக்கு வெட்டத் தெரியாதே டீச்சர்.”

“வெட்டாதீங்க.”

சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. அதே பிரிவியூ தியேட்டர். ராஜரத்தினம் வந்தார். சம்பந்தி வந்தார், இந்தத் தடவை நண்பர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு. ரிஷிவரன் வெள்ளைச் சட்டையில் வந்தான். இசக்கி வரவில்லை. தான் தொட்ட படத்தைத் தியேட்டரில் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

தணிகாசலம் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு ஜனங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

படத்தில் அவர் ஒன்றையும் தொட்டிருக்கவில்லை. டம்ளர் நகர்ந்தது, சிரித்தார்கள். செருப்பு ஓடியது, சிரித்தார்கள். நீங்க எந்தப் பக்கம் என்று பேய் கேட்டது. அடுத்து வருவதைச் சம்பந்தி நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிச் சிரித்தார். கிணற்று முழுக்குக்கு விசில் பறந்தது. பிளாஷ்பேக் வந்தபோது இரண்டு பேர் போனை எடுத்துப் பார்த்தார்கள்.

ராஜரத்தினம் பக்கத்தில் இருந்தவரிடம் பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின. தணிகாசலத்தின் படங்களில் பெயர் ஓடும்போது ஒரு ஓரத்தில், படப்பிடிப்பில் நடந்த வேடிக்கைகளைக் காட்டுவார்கள். நடிகர் வசனம் மறந்து உளறியது, தடுக்கி விழுந்தது, இப்படி. அதற்காகவே யாரும் எழுந்து போகமாட்டார்கள். இந்தப் படத்தில் அது இல்லாமல் இருந்தது. இப்போது இருந்தது.

ரிஷிவரன் செத்துக் கிடந்தான். “சார், சிரிங்க!” சிரித்தான். தியேட்டர் கைதட்டியது.

கதாநாயகி சிரித்தார்.

பண்ணையார் தன் போட்டோவுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்.

“டேய் டைகர், சிரிடா!” நாய் வாயைத் திறந்தது. தியேட்டர் இரண்டுபட்டது. சம்பந்தி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

சாம்பல் வந்தது. இருபத்திரண்டு பேர்.

“கட்! லஞ்ச் பிரேக்!” தணிகாசலத்தின் குரல்.

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அடுத்த சிரிப்புக்கும் வாயைத் தயாராக வைத்திருந்தார்கள். பச்சையம்மா தலையைத் தூக்கினார். கேமராவைப் பார்த்தார். எல்லோரையும் பார்த்தார்.

அங்கேயே நிறுத்தியிருந்தார் தணிகாசலம்.

ஜனங்கள் காத்திருந்தார்கள். பச்சையம்மாவும் காத்திருந்தார்.

“சிரிம்மா” என்றார் பின்வரிசையில் யாரோ, தன்னையறியாமல்.

பச்சையம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்துக்குக் கீழே இருபத்திரண்டு பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அந்த முகம் மட்டும் போகவில்லை. யாரோ செருமினார்கள். யாரோ போனைக் கவிழ்த்து வைத்தார்கள். கடைசிப் பெயர் போன பிறகுதான் திரை இருண்டது.

விளக்கு போட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சம்பந்தியின் வாய் சிரிப்பில் திறந்தபடியே இருந்தது, மூட அவருக்குத் தெரியவில்லை. ராஜரத்தினம் பாட்டைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

ரிஷிவரன் திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தான்.

“சார், அவங்க மட்டும் ஏன் சிரிக்கல?”

“நான் சொல்லல” என்றார் தணிகாசலம்.